ஸ்தோத்திரம் வாயில் வருகிறது, மனதில் வரவில்லை

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. இறந்த இரண்டாவது மாதமே அண்ணன் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் 'சும்மா ஒரு கையெழுத்து' என்று வாங்கிக்கொண்டார். அது விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எதைப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு அங்கேயே போய் நிற்கிறது. "மதினிக்கு முதல் பிரசவமானப்போ ஆஸ்பத்திரியில் ஆறு ராத்திரி கூட இருந்தது நான்தானே, அந்த நன்றிகூட இல்லையே" என்று எழுதியிருக்கிறார். பிள்ளைகள் "அம்மா, திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா" என்கிறார்கள். போதகரோ 1 தெசலோனிக்கேயர் 5:18-ஐக் காட்டி எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம், அதாவது நன்றி, சொல்லச் சொன்னாராம். சொல்லிப் பார்த்திருக்கிறார். வாய் சொல்கிறது, மனம் ஒட்டவில்லை. இப்போது அந்த அண்ணன் மகளுக்குக் கல்யாணம். போவதா வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி.

சகோதரி, நான் போதகர் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இருபது வருடமாக வேதபாடம் எடுக்கிறேன். உங்கள் கேள்வி எனக்குப் புதிதில்லை, பதினோரு வருடம் நானே அதற்குள் குடியிருந்தேன். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

ஸ்தோத்திரம் ஒட்டாததற்கு உங்கள் விசுவாசக் குறைவுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். முறுமுறுப்புக்கும் ஸ்தோத்திரத்துக்கும் நடுவில் வேதத்தில் புலம்பல் என்று ஒன்று இருக்கிறது. நம் சபைகளில் முறுமுறுப்பையும் புலம்பலையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இரண்டையும் வாசலுக்கு வெளியே வைத்துவிடுகிறோம்.

முறுமுறுப்பு என்ற சொல்லையே கொஞ்சம் காதில் போட்டுப் பாருங்கள். சத்தத்திலிருந்து பிறந்த சொல். வாய் முழுதாகத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே ஓடுகிற சத்தம். "எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது போட்ட கிரேக்கச் சொல்லும், கொங்குஸ்மோஸ், இதே மாதிரி ஒலிக்குறிப்புதான். கானான் தேசத்தை வேவுபார்க்கப் போனவர்கள் திரும்பி வந்த சமயத்தில் இஸ்ரவேலர் எங்கே இருந்துகொண்டு முறுமுறுத்தார்கள் என்பதை உபாகமம் 1:27 குறிப்பாகச் சொல்கிறது: "உங்கள் கூடாரங்களில்." சங்கீதம் 106:25-உம் அதே கூடாரத்தைத்தான் சொல்கிறது. கர்த்தர் நம்மை வெறுத்துவிட்டார் என்று அவரைப் பற்றியே, அவர் காதில் விழாத மாதிரி, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரிடம் பேசுவது. இன்றைக்கு நமக்குக் கூடாரம் அடுக்களை, போன், அப்புறம் (கோபித்துக்கொள்ளாதீர்கள்) வீட்டு ஜெபக்கூட்டத்தில் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் நாம் அவிழ்த்துவிடுகிற கதைகள். எத்தனை ஜெபக்குறிப்பில் எத்தனை மாமியாரும் எத்தனை நாத்தனாரும் மாட்டியிருக்கிறார்கள் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

புலம்பல் அதே வலியை எடுத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே போய் நிற்கும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. கடவுளிடம் இப்படிக் கேட்கலாமா என்று நமக்குப் பதறுகிறது. அவர்கள் அதைப் பாட்டாக்கி இராகத் தலைவனிடம் கொடுத்துவிட்டார்கள், சபையாகப் பாட. 88-ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தைக்கூட யாரும் ஒட்டவைக்கவில்லை. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பது உங்கள் வீட்டுக் காலண்டரிலும் இருக்கும். கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றிய வசனம், புலம்பல் என்ற புத்தகத்தில் 3:23. அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால், அவர் என் பற்களைக் கற்களால் நொறுக்கினார், என்னைச் சாம்பலில் புரளவைத்தார் என்று இருக்கிறது. அதை எந்தக் காலண்டரிலும் அச்சடிப்பதில்லை. ஆனால் அந்த மனிதர் 16-ஆம் வசனத்தைச் சொல்லாமல் 23-ஆம் வசனத்துக்கு வரவில்லை.

அதனால் முதல் வேலை இது. வீட்டில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கையெழுத்து நாளை முதலிலிருந்து கடைசிவரை அவரிடம் சொல்லுங்கள். என்ன சேலை கட்டியிருந்தீர்கள், வண்டியில் யார் முன்னால் உட்கார்ந்தது, பேனாவை யார் நீட்டியது, வரும் வழியில் அண்ணன் வாங்கிக்கொடுத்த டீ உட்பட. ஜெப பாஷை வேண்டாம். வீட்டுப் பேச்சே போதும். கோபம் வந்தால் வரட்டும். ஒன்று மட்டும்: அன்றைக்கு முடிவில் 'ஆனாலும் ஸ்தோத்திரம்' என்று சேர்க்காதீர்கள். அது உங்களுக்கே பொய்யாகப் படும். பொய் சொல்லிப் பழகிய இடத்தில் நன்றி முளைக்காது.

சரி, என் கதை. நான் வேலை பார்த்த பள்ளியில் தலைமையாசிரியை பதவி எனக்கு வரவேண்டியது. என்னைவிட நான்கு வருடம் பிறகு சேர்ந்த ஒருவருக்குப் போனது. அவரும் எங்கள் சபைதான், ஆராதனையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். பதினோரு வருடம் நான் பிரசங்கம் கேட்டேன் என்று சொல்ல முடியாது, அவர் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே, "இந்தக் கதையை என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்ட. சொல்ல வேண்டியவர்கிட்ட ஒரு தடவையாவது சொன்னியா?" என்றார். அந்த அம்மாவிடம் போய் என்னத்தைச் சொல்ல என்று எரிந்து விழுந்தேன். அவர் மோர் ஊற்றிக்கொண்டே, "அந்தம்மாகிட்ட இல்ல" என்றார்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு அடுக்களையிலேயே உட்கார்ந்து சொன்னேன். அழகான ஜெபம் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. எந்தச் சத்தமும் வரவில்லை, எந்த வசனமும் மனதில் உதிக்கவில்லை. தூங்கிவிட்டேன்.

சில மாதம் கழித்து அறுப்பின் பண்டிகை. உங்கள் ஊரிலும் நடப்பதுதான்: வாழைத்தார், தேங்காய், சேவல், வீட்டில் செய்த கேக் எல்லாவற்றையும் கொண்டுவந்து படைத்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் கோவில் வளாகத்தில் பந்தல் போட்டு ஏலம் விடுவார்கள். ஒற்றை முட்டை முந்நூறு ரூபாய்க்குப் போகும், எல்லாரும் கை தட்டுவார்கள். நான் வருடாவருடம் எங்கள் கொல்லையில் காய்த்த ஒரு பூசணிக்காயைக் கொடுத்துவிட்டு, ஏலத்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்தக் கொண்டையை மத்தியானம் வரை வேறு பார்க்க வேண்டுமா என்றுதான். அந்த வருடம் ஏனோ நின்றேன். பூசணி ஏலத்துக்கு வந்தது. இருநூறில் எல்லாரும் நின்றுவிட்டார்கள், அவரும் இன்னொருவரும் மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். அறுநூற்றைம்பதுக்கு அவர் எடுத்தார். குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "டீச்சர், உங்க கொல்லைக் காய்னு தெரியும். போன வருசமும் நாந்தான் எடுத்தேன், அதுக்கு முந்தின வருசமும். அல்வா கிண்டினா நல்லா வருது" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. என் பூசணிக்காய் வருடாவருடம் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை. அடுக்களையில் அந்த ராத்திரி நடந்திருக்காவிட்டால், இதையும் 'பதவியை எடுத்தது போதாதென்று காயையும் எடுத்தாள்' என்றுதான் கணக்கில் சேர்த்திருப்பேன். பதவி விஷயம் நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு பிரசங்கம் காதில் விழ ஆரம்பித்தது.

மனக்குறைக்கு இப்படி ஒரு குணம் உண்டு, கணக்கைத் திருத்தி எழுதும். எண்ணாகமம் 11-ஐ எடுக்கும்போதெல்லாம் நான் ஒரு சொல்லில் நின்றுவிடுவேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலர், எகிப்தில் சாப்பிட்ட மச்சம், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெண்காயம், வெள்ளைப்பூண்டு என்று மார்க்கெட் சீட்டு மாதிரி அடுக்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சொல் போடுகிறார்கள்: "கிரயமில்லாமல்." இலவசமாம்! செங்கல் சூளையில் முதுகு உடைந்ததும், ஆண்பிள்ளைகளை நதியில் போடச் சொன்னதும் அந்த மீனின் விலையில் சேரவில்லை. அதே மூச்சில், "இந்த மன்னாவைத் தவிர, நம்முடைய கண்களுக்கு முன்பாக வேறொன்றும் இல்லையே" என்கிறார்கள். அன்றாடம் வாசலில் விழுகிற சாப்பாடு 'வேறொன்றும் இல்லை' ஆகிவிட்டது.

நகோமியை இன்னும் அருகில் போய்ப் பாருங்கள், ஏனென்றால் அவள் கசப்புக்கு உங்களைப் போலவே காரணம் இருந்தது. கணவனும் இரண்டு மகன்களும் மோவாபில் செத்துப்போனார்கள். பெத்லெகேமுக்குத் திரும்புகிறாள், ஊர்ப் பெண்கள் கூடுகிறார்கள். என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் (கசப்பானவள்) என்று கூப்பிடுங்கள், நிறைவாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்கிறாள். இதைச் சொல்லும்போது பக்கத்தில் மருமகள் ரூத் நிற்கிறாள். 'உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்' என்று சொல்லி, சொந்த ஊரை விட்டுவிட்டு கூடவே நடந்து வந்தவள். அவள் காதுபடவே மாமியார் 'நான் வெறுங்கையோடு வந்திருக்கிறேன்' என்கிறாள். அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்திருக்கும்?

வேதம் நகோமியைத் திட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். ஊர்ப் பெண்களும் வசனம் சொல்லி வாயை அடைக்கவில்லை. அந்த அதிகாரத்தின் கடைசி வரியில், வாற்கோதுமை அறுப்பு தொடங்குகிற நேரத்தில் வந்தார்கள் என்று மட்டும் இருக்கிறது. நான்காம் அதிகாரத்தில் அதே பெண்கள்தான், உன் மருமகள் உனக்கு ஏழு குமாரரைப்பார்க்கிலும் அருமையானவள் என்று அவளுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். அவளாகப் பார்க்க முடியாததை அடுத்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சகோதரி, உங்கள் பிள்ளைகள் 'திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா' என்று கேட்பதில் எரிச்சல் இருக்கலாம். எனக்கு அதில் ரூத்தின் குரலும் கேட்கிறது: நாங்கள் இங்கேதானே நிற்கிறோம் என்று.

இப்போது ஒரு தடை. நன்றி சொல்லிவிட்டால் அண்ணன் செய்ததைச் சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? இல்லை. எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிற எபேசியர் 5:20-ஐ வைத்துக்கொண்டு, நடந்த அநியாயத்துக்காகவே ஸ்தோத்திரம் சொல் என்று சிலர் வற்புறுத்துவார்கள். அது அந்த வசனத்தின் தலையில் அது சுமக்காத பாரத்தை ஏற்றுவது. ஒருவர் செய்த பாவத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும்படி வேதம் உங்களைக் கேட்கவில்லை. 'முறுமுறுப்பில்லாமல்' என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுலை, அதே பிலிப்பி ஊரில் பார்க்கலாம், அப்போஸ்தலர் 16-இல். சிறையில், நடுராத்திரியில் கால் தொழுமரத்தில் மாட்டியிருக்கும்போதே பாடினார். விடிந்ததும், போகலாம் என்று அதிகாரிகள் சொல்லியனுப்பினார்கள். போக மாட்டேன் என்றார். ரோமராகிய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று. ராத்திரி பாட்டு, காலையில் நியாயம். இரண்டும் ஒரே வாய்.

குமரி மாவட்டம் என்பதால் இதையும் சொல்கிறேன். உங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949 முதல் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே 1916-ஆம் வருடத்துக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லிருந்தே நடப்பில் இல்லை, 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று சொன்னது. அதன்படி மகனும் மகளும் சமம். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் பங்கு' என்ற பேச்சு இன்னும் ஓடுவதற்கு அந்தப் பழைய வழக்கமும் ஒரு காரணம். நீங்கள் போட்டது விடுதலைப் பத்திரம் என்பதால் விஷயம் சிக்கல்தான், இதற்கெல்லாம் காலவரையறையும் உண்டு. பத்திர நகலை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அதற்கு முன்போ பின்போ, மத்தேயு 18:15 சொல்கிறபடி அண்ணனிடம் தனியாக ஒருமுறை நேராகப் பேசுங்கள். ஊரெல்லாம் சொன்ன நீங்கள் அவரிடம் சொன்னதாக எழுதவில்லை. இதில் எதுவும் ஸ்தோத்திரத்துக்கு விரோதமில்லை.

அண்ணன்மார் விற்றுப்போட்ட யோசேப்பைப் பற்றி ஒரு வரி. மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தார், தேவன் என் வருத்தம் யாவையும் மறக்கப்பண்ணினார் என்று. மறந்துவிட்டாரா? அண்ணன்மார் வந்து நின்றபோது அவர்களைவிட்டு அப்புறம் போய் அழுகிறார், திரும்பத் திரும்ப அழுகிறார். ஆகவே கல்யாண வீட்டில் உங்களுக்குத் தொண்டை அடைத்தால், இவ்வளவு ஜெபித்தும் மாறவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

இனி நன்றி. ஆயிரம் ஸ்தோத்திரம் என்று அச்சடித்த புத்தகம் வைத்து வாசிப்பவர்கள் உண்டு. பலருக்கு அது பலன் தந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இப்போது வேண்டாம். ஓடுகிற ஸ்தோத்திரம் எதன்மேலும் ஒட்டாது. என் அம்மா செய்ததைச் சொல்கிறேன். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார், ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலுக்குக் கொண்டுபோவார். பிடியரிசிக் காணிக்கை. சில சபைகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இரண்டு நுணுக்கம் உண்டு. சமைத்து மிஞ்சினால் கொடுப்போம் என்று விட்டால் மிஞ்சவே மிஞ்சாது, அதனால் முதலிலேயே எடுப்பார். அப்புறம், அது ஒரு பிடிதான், படி அல்ல. வீட்டில் அரிசி குறைவான மாதத்திலும் ஒரு பிடியால் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

நீங்களும் அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். போடும்போது ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள், அதுவும் முந்தின நாளில் நடந்ததாக இருக்க வேண்டும். 'சுகம் பெலன் தந்ததற்காக' என்று பொதுவாகப் போகக் கூடாது. 'நேற்று மின்சாரம் போனபோது சின்னவன் கேட்காமலே விசிறி கொண்டுவந்தான்' என்று சொல்லுங்கள். மன்னாவுக்கும் இதே விதிதான், மறுநாளைக்கு வைத்தது பூச்சிபிடித்து நாறியது. நேற்றைய பெரிய சாட்சியை வைத்து இன்றைக்கு ஒப்பேற்ற முடியாது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, நன்றியுள்ள ஐந்து விஷயங்கள் வரை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சல்களை எழுதினார்கள். பத்து வாரம் கழித்து முதல் பிரிவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். என் அம்மா ஆய்வு எதுவும் படிக்கவில்லை, பானை மட்டும் வைத்திருந்தார்.

ஒரு மாதம் போகட்டும். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது அந்த நன்றியை, சம்பந்தப்பட்ட ஆளிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள். லூக்கா 17-இல் குஷ்டரோகிகள் பத்துப் பேரும் சுகமானார்கள். மனதுக்குள் பத்துப் பேருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். திரும்பி நடந்து வந்து சொன்னவன் ஒருவன், அவன் சமாரியன். சின்னவனிடம் விசிறிக்காகச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை அவன் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பான்.

ராத்திரித் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் இருந்தால் டாக்டரையும் பாருங்கள். அதற்கு ஜெபம் மட்டும் போதும் என்று சொல்பவர்கள் தங்கள் கண்ணாடியை எந்த ஜெபத்தில் வாங்கினார்கள் என்று கேட்கலாம்.

அடுத்த திருவிருந்தில் போதகர் வாசிக்கும்போது கொஞ்சம் காது கொடுங்கள். "கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி." மாதாமாதம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன வரி. கூட உட்கார்ந்து சாப்பிட்டவன்தான் காட்டிக்கொடுத்தான். அது தெரிந்தே அப்பத்துக்கு நன்றி சொன்னார், காட்டிக்கொடுத்ததற்கு அல்ல. கத்தோலிக்கர் நற்கருணை என்று சொல்வதன் பழைய கிரேக்கப் பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். உங்களைப் போல நெருங்கின சொந்தத்தால் முதுகில் குத்தப்பட்டவர்கள் அந்த மேசையில் கூச்சப்படாமல் உட்காரலாம்.

கடைசியாகக் கல்யாணம். போங்கள். அண்ணனுக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்காக. மதினியின் முதல் பிரசவத்துக்கு ஆறு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கல்யாணப் பெண் அப்போது பிறந்த மூத்தவளாகத்தான் இருக்க வேண்டும். அவளை முதலில் கையில் வாங்கியவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். அண்ணன் பாக்கி வைத்த நன்றியாகவே அந்த ஆறு ராத்திரியை இதுவரை எண்ணி வந்திருக்கிறீர்கள். அன்று காலையில் பிடியரிசி போடும்போது, அந்தக் குழந்தையைப் பார்த்த முதல் நிமிஷத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பந்தியில் யாராவது சொத்துப் பேச்சை எடுத்தால், "அது இன்னொரு நாள் பேச வேண்டியது, பாயசம் ஊத்துங்க" என்று சொல்லிவிடுங்கள். பெண்ணிடம் போய், அவள் பிறந்த ராத்திரி மழை பெய்ததா, யார் காப்பி வாங்கி வந்தார்கள், எப்படி அழுதாள் என்று உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள். அவளுக்கு அதை இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.